பட்டம் கேட்கும் கல்லாப் பெட்டி

"பட்டம் உண்டா?" என்பதே நம் நிறுவனங்களின் வாசலில் கேட்கப்படும் முதற் கேள்வியாக இருக்கிறது. பல இடங்களில் அதுவே கடைசிக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. குடும்பச் சுமையால் பிளஸ் டூவோடு நின்று, புள்ளியியலைத் தாமே கற்றுத் தேறிய இளைஞர், வீட்டிலிருந்தபடியே கணிப்பொறியில் அதைப் பயின்ற பெண்மக்கள், வளைகுடாவில் பண்டகசாலைக் கணக்கெழுதித் திரும்பியவர் ஆகியோரின் விண்ணப்பங்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று எவரும் பார்க்குமுன்பே குப்பைக் கூடைக்குப் போகின்றன. பிறர் இதைச் செய்தால் வருந்தியதோடு நின்றிருப்போம். நம்மவரின் தோல் மண்டிகளும் ஏற்றுமதி நிறுவனங்களுமே செய்கின்றன என்பதுதான் நம்மை எழுதத் தூண்டுகிறது.

பெரியமேட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வாணிகத்தை வளர்த்த முன்னோருள் எத்தனை பேர் கல்லூரிப் படி ஏறினார்கள்? தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொன்னார்கள். கப்பல் கரை சேருமுன் விலை எங்கே நிற்கும் என்று மனக்கணக்காகவே மதிப்பிட்டார்கள். அவர்கள் அமர்ந்த அதே கல்லாப் பெட்டியின் முன் அமர்ந்துகொண்டு பேரப்பிள்ளைகள் காகிதம் கேட்கிறார்கள்!

புள்ளியியலின் தொடக்கமே ஒரு கடைக்காரரிடம்தான் என்பதை இவர்கள் அறிவார்களா? லண்டன் நகரில் துணிமணி விற்றவர் ஜான் கிராண்ட். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாதவர். நகரில் வாரந்தோறும் வெளியான மரணப் பட்டியல்களை மற்றவர்கள் மேலோட்டமாகப் பார்த்து எறிந்துவிட, அவர் பல்லாண்டுப் பட்டியல்களைச் சேர்த்துவைத்துக் கணக்கிட்டு 1662இல் நூலாக்கினார். பிறக்கும் நூறு பேரில் 36 பேர் ஆறு வயதுக்குள் மடிகிறார்கள் என்று மதிப்பிட்டார். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பதை எடுத்துக் காட்டினார். லண்டனின் மக்கள்தொகையைப் பல இலட்சம் கூட்டிச் சொல்லி வந்தவர்கள் நடுவில், ஏறத்தாழ 3,84,000 என்று கணித்துச் சொன்னார். ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. இத்தகைய வணிகர் இன்னும் கிடைத்தால் அவர்களையும் தயங்காமல் சேருங்கள் என்று இரண்டாம் சார்லஸ் மன்னரே சொன்னதாக அச்சங்கத்தின் வரலாறு கூறுகிறது. மன்னருக்கு இருந்த தாராளம் நம் மேலாளர்களுக்கு இல்லை.

உடனே இராமானுஜன் பெயரை எடுப்பார்கள். "அவரைப் போன்ற மேதை வந்தால் பட்டம் கேட்போமா?" என்பார்கள். அந்த மேதையே நோட்டுப் புத்தகங்களைச் சுமந்து வீடு வீடாக அலைந்துதான், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா வேலை பெற்றார். நாம் மேதைகளுக்காக வாதாட வரவில்லை. ஒரு சராசரியை ஒழுங்காகக் கணக்கிட்டு, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சொல்லத் தெரிந்த சாதாரண மனிதருக்காகவே வாதாடுகிறோம்.

"தெரியும் என்பதை எப்படி நம்புவது?" என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். தாமே படித்தவர்களும் எழுதக்கூடிய தேர்வுகளை லண்டனிலுள்ள அரச புள்ளியியல் கழகம் நெடுங்காலம் நடத்தியது. 2017உடன் அதுவும் நின்றுபோயிற்று. இன்று வீடியோப் பாடங்களின் முடிவில் கிடைக்கும் சான்றிதழ்களை நாமும் பெரிதாக மதிப்பதில்லை. அவற்றுள் பல, பார்த்து முடித்ததற்குச் சான்று, அறிந்துகொண்டதற்குச் சான்றாகா.

செய்த வேலையே சான்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகள் பொதுவில் கிடைக்கின்றன. 'ஆர்' என்னும் கணக்கீட்டு மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தம் மாவட்டத்துப் பெண்கல்வி நிலையை எடுத்துக்கொண்டு, என்ன கேட்டோம், எண்களை எங்கிருந்து எடுத்தோம், எப்படிக் கணக்கிட்டோம், இந்த எண்கள் எதைச் சொல்லவில்லை என்று நான்கு பக்கம் எழுதி இளைஞர் எடுத்துச் செல்லட்டும். நான்காவது பக்கத்தை முதலில் படியுங்கள். அறியாதவர் அங்கேதான் அகப்படுவார்.

அதுவும் போதாதென்றால், இரண்டு மணி நேரம் ஒதுக்கி உங்கள் தொழிலிலேயே சோதியுங்கள். நானூறு தோல்கள் வந்து இறங்கியிருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க நேரமில்லை. எத்தனையைப் பார்ப்பது, எவற்றைப் பார்ப்பது? மேலேயுள்ள இருபதைப் பார்த்தால் போதும் என்பவர், எம்.எஸ்ஸி. படித்தவரானாலும் திருப்பி அனுப்பப்பட வேண்டியவரே. நல்ல தோலை மேலே அடுக்கி அனுப்பும் வித்தையை வியாபாரியான உங்களுக்கா நாம் சொல்ல வேண்டும்! எல்லாக் கட்டுகளிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுப்பேன் என்று சொல்லி, "எவ்வளவு பிழையை நீங்கள் தாங்குவீர்கள்?" என்று உங்களையே திருப்பிக் கேட்பவர் கற்றவர். அந்த விடையை உங்கள் தரம்பிரிப்பாளருக்கும் விளங்கும்படி சொல்லச் சொல்லிப் பாருங்கள்.

அரசுப் பணிகளின் கதை வேறு. அங்கே விதிகளே பட்டம் கேட்கின்றன. அவற்றை மாற்றுவது நம் மேலாளர்களின் கையில் இல்லை. ஆனால் சொந்த மண்டியில் விதி வகுப்பவர் முதலாளிதானே? பட்டமில்லாதவர் தவறிழைத்தால் யார் பொறுப்பு என்கிறார்கள். பட்டதாரி தவறிழைத்தால் பல்கலைக்கழகமா வந்து நட்டத்தைக் கட்டுகிறது? இருவர் கணக்கையும் இன்னொருவர் சரிபார்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் நம் காதுக்கு எட்டுகிறது. சோதித்துத் தேறியவர்களையும் "உனக்குத்தான் பட்டம் இல்லையே" என்று சொல்லிப் பாதிச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார்களாம். பட்டதாரியின் வேலையை வாங்கிக்கொண்டு குமாஸ்தாவின் கூலியை எண்ணிக் கொடுப்பதானால், அந்த இரண்டு மணி நேரச் சோதனையை நடத்தவே வேண்டாம்.