முனையம் வளர்ந்தது, ஓடுபாதை வளரவில்லை

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பார்த்தவர்கள் வியந்து பேசுகிறார்கள். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு; 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார், ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் கட்டடம். பழைய முனையத்தின் நெரிசலில் கைக்குழந்தையோடு நின்ற நம் தாய்மார்களுக்கு இது பெரிய ஆறுதல்தான்.

ஆனால் ஓடுபாதை இன்னும் சுமார் 8,000 அடிதான். சென்னையின் பிரதான ஓடுபாதை 12,000 அடி. துபாய், சார்ஜா செல்லும் நடுத்தர விமானங்களுக்குத் திருச்சியின் நீளம் போதும். முந்நூறு, நானூறு பேரையும் அவர்களின் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்கு நேரே எழும்பும் பெரிய விமானத்துக்கு அது நெருக்கடியான இடம்.

தமிழகத்தின் ஹஜ் பயணிகளுக்குப் புறப்பாட்டு இடம் சென்னை. திருச்சியிலிருந்தும் ஹஜ் விமானம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதைக் கேட்பவர்கள் கோழிக்கோட்டின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்குள்ள ஓடுபாதை திருச்சியைவிட நீளமானது. இருந்தும், 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மழையில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தபின், பெரிய விமானங்கள் அங்கே நிறுத்தப்பட்டன. பிறகு ஹஜ் புறப்பாடு திரும்பக் கிடைத்தது. ஆனால் 2024இல் சிறிய விமானங்களுக்குச் சொல்லப்பட்ட கட்டணம் கொச்சி, கண்ணூரைவிட ஏறக்குறைய இருமடங்கு! போராடிச் சற்றுக் குறைத்தார்கள்; வித்தியாசம் போகவில்லை. அனுமதி கையில் இருந்தும் சுமை ஹாஜிகளின் தலையில்தான் விழுந்தது.

ஓடுபாதையை நீட்டப் பாதுகாப்புத் துறை நிலமும் தனியார் பட்டா நிலமும் வேண்டும். பட்டாதாரர்களை வளர்ச்சிக்குத் தடையாக நிற்பவர்கள் என்று பேசுவது சரியல்ல. மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க உமர் (ரலி) அவர்கள், அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டைக் கேட்டபோது அவர் மறுத்தார். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் போனது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக வந்தது. அதன் பிறகே அப்பாஸ் (ரலி) தாமாக மனமுவந்து கொடுத்தார் என்பது வரலாறு. பள்ளிவாசலுக்கே அந்த நிலை என்றால் விமான நிலையத்துக்கு என்ன சொல்வது?

இன்னொன்றும் உண்டு. அமீரக நிறுவனங்கள் திருச்சியில் இறங்க இருநாட்டு ஒப்பந்தத்தில் இடமில்லை. அதனால் நம் சபுராளிகள் இந்திய நிறுவனங்கள் சொல்லும் கட்டணத்தையே கொடுக்கிறார்கள். அந்த அனுமதி ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனுக் கொடுக்கப் போகும் ஜமாஅத்துகள் ஹஜ் விமானத்தோடு ஓடுபாதையையும் இந்த ஒப்பந்தத்தையும் சேர்த்தே எழுதட்டும்.