செட்டிங்ஸை வாசலில் கொட்டாதீங்க!

தமிழக அரசு 2011இல் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. போத்தனூரில் ஒரு பாலிடெக்னிக் பையன் அதில் டெர்மினல் பழகினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் மண்டையைப் போடுவதற்கு முன் ஹோம் ஃபோல்டரில் நின்று, காப்பி கமாண்டில் நட்சத்திரக் குறி போட்டு, எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றுகிறான். புது மெஷினில் பாட்டு இருக்கிறது, ப்ராஜெக்ட் இருக்கிறது. மூன்று வருடமாகச் செதுக்கிய செட்டிங்ஸ் மட்டும் இல்லை!

பெயர் புள்ளியில் தொடங்கும் ஃபைலை நட்சத்திரம் கண்டுகொள்ளாது. சரி, புள்ளி வைத்ததையும் சேர்த்து அள்ளலாம் என்றால் கேச் குப்பை ஜிபி கணக்கில் கூடவே வரும். அப்படியே கிட்ஹப்பில் ஏற்றினால் எஸ்எஸ்ஹெச் பிரைவேட் கீயும் ஊருக்கே போய்விடும். எல்லாம் ஒரே வாசலில் கிடந்தால் வேறென்ன ஆகும்?

இந்தப் புள்ளி வழக்கம் யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்ததுகூட இல்லை. ஃபோல்டர் பட்டியலில் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் தெரியக்கூடாது என்று யூனிக்ஸில் குறுக்குவழியாக முதல் எழுத்தை மட்டும் சோதித்ததன் பக்க விளைவு அது என்று ராப் பைக் 2012இல் எழுதினார்.

மாற்று வழியை 2003லேயே எக்ஸ்டிஜி விதிமுறையில் சொல்லியாகிவிட்டது. செட்டிங்ஸ் ‘.கான்ஃபிக்’ ஃபோல்டருக்குள், குப்பை ‘.கேச்’சுக்குள். வேறு இடம் வேண்டுமா, ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் போதும். கிட் 2012இல் கேட்டது. விம் கேட்டது 2024இல்! பேஷ் இன்றைக்கும் அசையவில்லை.

“மாற்றினால் பழைய யூசர்களுக்கு உடையுமே” என்பார்கள். உடையாது. கிட் பழைய ஃபைலையும் படிக்கிறது, புதியதையும் படிக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேரள ரயில் கோவை ஜங்ஷனைத் தொடாமல் போத்தனூர்–இருகூர் பாதையில் ஓடினால் தண்டவாளம், நேரம் என்று ஏதாவது காரணம் சொல்லலாம். ஃபைல் பாதையை மாற்ற நாலு வரி கோடுங்க!

இதைவிடக் கூத்து மேக்கில். சில கமாண்ட் லைன் டூல்கள் செட்டிங்ஸை ‘லைப்ரரி’யில் ‘அப்ளிகேஷன் சப்போர்ட்’டுக்குள் போடுகின்றன. ஜன்னல் வைத்த அப்ளிகேஷன்களுக்கு அது சரி. டெர்மினலில் அந்தப் பெயரை அடிக்க நடுவிலிருக்கும் ஸ்பேஸுக்கு பேக்ஸ்லாஷ் போட்டுச் சாக வேண்டும். காலேஜ் லேபில் லினக்ஸ், வேலையில் மேக் என்று இருப்பவருக்கு இரண்டிலும் ‘.கான்ஃபிக்’ இருந்தால் ஒரே ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

புதிதாக டூல் எழுதும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் அந்த வேரியபிளைப் பாருங்கள், இல்லையென்றால் ‘.கான்ஃபிக்’கில் எழுதுங்கள். எந்த ஃபைலைப் படித்தது என்று ஹெல்ப்பில் ஒரு வரி காட்டிவிடுங்கள்.