உலர்ந்த குருதித்துளியும் உயிருள்ள ஒட்டுண்ணியும்

மலேரியா ஒட்டுண்ணியின் மருந்தெதிர்ப்பை அறிவதற்கு இனி அதனை ஆய்வுகூடத்தில் உயிருடன் வளர்த்துப் பார்க்க வேண்டியதில்லை. நோயாளியின் குருதித்துளி ஒன்றை வடிதாளில் உலர்த்தி, அதிலுள்ள ஒட்டுண்ணியின் பரம்பரை அலகுகளை வாசித்தாலே போதும் என்ற கருத்து அறிவியலாளர் சிலரிடையே வலுப்பெற்று வருகின்றது. செலவு குறைவு, விரைவு, அஞ்சலில் அனுப்பும் வசதி என்பன இதற்குக் கூறப்படும் நியாயங்கள். இவை பொய்யல்ல. ஆயின், இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு பிழையானது மட்டுமன்று, மலேரியாவுக்கு மக்களைப் பலிகொடுக்கும் நாடுகளுக்குத் தீங்கானதுமாகும் என்பதே எமது வாதம்.

1976 இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்றேகரும் ஜென்சனும் பிளாஸ்மோடியம் பல்சிபாரத்தை மனிதச் செங்குருதிக் கலங்களில் தொடர்ச்சியாக வளர்த்துக் காட்டினர். அவர்கள் கையாண்ட சாதனங்களுள் ஒன்று மெழுகுதிரி. மூடிய கண்ணாடிப் பாத்திரத்தினுள் அது எரிந்து அணையும்போது ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு மிகும். ஒட்டுண்ணிக்கு உவப்பான வளி அதுவே. (வறிய நாடுகளுக்கு எட்டாத கலை இது என்போர் இந்த மெழுகுதிரியை ஏனோ மறந்துவிடுகின்றனர்.) சிறு குழிகளில் மருந்தின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி, ஒட்டுண்ணியின் வளர்ச்சி எச்செறிவில் பாதியாகக் குறைகின்றது என அளப்பதே இச்சோதனையின் சாரம். நோயாளியின் உடலிலோ நோயெதிர்ப்புச் சக்தி குறுக்கிடும். வலுவிழந்த மருந்தை உண்டவரும் அதன் துணையால் குணமடையக்கூடும். சிகிச்சை முடியுமுன்னரே புதிய நுளம்புக் கடியால் மீண்டும் தொற்று ஏற்படவும் கூடும். குழியினுள் ஒட்டுண்ணியும் மருந்துமே எதிரெதிரே நிற்கின்றன.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பினர் கம்போடியாவைச் சுட்டுவர். அவர்களின் மிக வலிய வாதம் இதுவே. மேற்குக் கம்போடியாவின் பைலின் பகுதியில் ஆட்டெமிசினின் வகை மருந்து கொடுத்த நோயாளிகளின் குருதியிலிருந்து ஒட்டுண்ணிகள் வழமைக்கு மாறாக மெதுவாகவே அகல்கின்றன என 2009 இல் அறிவிக்கப்பட்டபோது, வளர்ப்புச் சோதனைகள் அதற்கேற்ற வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டவில்லை. உண்மைதான். ஆனால், அங்கு தவறியது வளர்ப்பு அன்று, கேட்கப்பட்ட வினா. ஆட்டெமிசினின் மனித உடலில் சில மணித்தியாலங்களே தங்கும். அந்நேரத்தை இளம் வளைய நிலையில் உறங்கிக் கழித்துவிடும் ஒட்டுண்ணி பின்னர் விழித்தெழும். பழைய சோதனையோ 48 மணித்தியாலமும் அதற்கு மேலும் மருந்தை அகற்றாது வைத்திருந்தது. 2013 இல் அமைக்கப்பட்ட புதிய சோதனையில், கலத்தினுட் புகுந்து மூன்று மணித்தியாலம் கடவாத ஒட்டுண்ணிகளுக்கு ஆறு மணித்தியாலம் மட்டும் மருந்தளித்து, கழுவி அகற்றி, பிழைத்தவற்றை 72 ஆவது மணித்தியாலத்தில் எண்ணினர். கம்போடிய ஒட்டுண்ணிகளின் எதிர்ப்பு உடனே புலப்பட்டது.

இன்று பரம்பரை அலகு வாசிப்போர் போற்றும் கெல்ச் 13 என்னும் அடையாளம் எங்கிருந்து வந்தது? தன்சானியாவில் தோன்றிய ஒட்டுண்ணி வழியொன்றை ஆய்வுகூடத்தில் ஐந்து ஆண்டுகள் ஆட்டெமிசினினுக்கு மீண்டும் மீண்டும் உட்படுத்தி, அதில் எழுந்த விகாரங்களைக் கம்போடிய ஒட்டுண்ணிகளோடு ஒப்பிட்டே 2014 இல் அது வெளியிடப்பட்டது. வளர்ப்புக் கூடம் பெற்ற பிள்ளையைக் காட்டி, இனித் தாய் வேண்டாம் என்கின்றனர்!

வாசிப்பின் பயனை நாம் மறுக்கவில்லை. மலாவி 1993 இல் குளோரோகுயினைக் கைவிட்ட பின், எதிர்ப்பைக் குறிக்கும் விகாரம் 2001 அளவில் அங்கு மறைந்துவிட்டதைக் காட்டியது அதுவே. எனினும், வாசிப்பு அறிந்த எழுத்தைத்தான் வாசிக்கும். ஆபிரிக்காவின் பெரும்பகுதி இன்று ஆட்டெமெதரும் லூமெபன்றினும் சேர்ந்த மாத்திரையையே நம்பியிருக்கின்றது. கெல்ச் 13 விகாரங்கள் 2020 இல் றுவாண்டாவிலிருந்தும் 2021 இல் உகண்டாவிலிருந்தும் அறிவிக்கப்பட்டுவிட்டமையால், சுமை துணை மருந்தாகிய லூமெபன்றின் மீது வீழ்கின்றது. அம்மருந்துக்கான எதிர்ப்பைக் காட்டும் பரம்பரை அடையாளம் எதுவும் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. அதன் வலு குன்றத் தொடங்கினால் வடிதாள் எதனைச் சொல்லும்?

இதில் அரசியலும் உண்டு. உலர்ந்த துளி எத்தொலைவுக்கும் பயணம் செய்யும். செல்வந்த நாட்டுக்குச் சென்று, அங்கு வாசிக்கப்பட்டு, அங்குள்ளோர் பெயரில் கட்டுரையாகித் திரும்பும். உயிருள்ள ஒட்டுண்ணியோ குருதி எடுத்த இடத்துக்கு அண்மையில் ஆய்வுகூடத்தையும் பயின்ற கைகளையும் இடையறாத மின்சாரத்தையும் கேட்கின்றது. அவற்றைக் கட்டியெழுப்புவதிலும் தாளை அனுப்புவது மலிவு என்னும் கணக்கில், மாதிரி தருவதே சில நாடுகளின் தொழிலாகிவிடும் ஆபத்து எழுதப்படுவதில்லை.

இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதே, எமக்கென்ன என்று வாசகர் வினவலாம். குளோரோகுயினுக்கு எதிர்ப்புக் காட்டிய பல்சிபாரம் இங்கு 1984 இல் முதன்முதலாக அறியப்பட்டது. இறுதிச் சுதேச நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார்; 2016 இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. ஆனால் நுளம்பு எம்மிடையேதான் வாழ்கின்றது. வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் ஒட்டுண்ணியைக் கொண்டுவருகின்றனர். அவர்களுக்கு எம்மருந்தைக் கொடுப்பது என்பது ஆபிரிக்க, ஆசிய ஆய்வுகூடங்கள் உயிருள்ள ஒட்டுண்ணியிடம் கேட்டறியும் விடைகளிலே தங்கியுள்ளது. எமது நாட்டில் முன்னர் பெரும்பான்மையாயிருந்த வைவக்ஸ் இனத்தைத் தொடர்ச்சியாக வளர்க்கும் வழி இன்றுவரை கைகூடவில்லை. பபுவா நியூகினியில் 1989 இல் அறிவிக்கப்பட்ட அதன் குளோரோகுயின் எதிர்ப்புக்கு நிறுவப்பட்ட பரம்பரை அடையாளமும் இல்லை. அதன் எதிர்ப்பைக் குழியில் அளக்க வேண்டுமாயின், குருதி எடுத்த ஊரிலேயே அதனை ஒரு சுற்று வளரவிட்டு மருந்துடன் வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.