துணியை எங்கே வாங்குவது?

பெங்களூருவுக்குத் தெற்கே உள்ள ஆனேக்கல், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். இணையத்தில் துணி வாங்கினால் வகைகள் மிகுதி. விலையும் பல வேளைகளில் குறைவு. ஆயினும், திரையில் மின்னுவது பட்டா, செயற்கை இழையா என்பதைக் கண்ணால் மட்டும் அறிய இயலாது.

உள்ளூர் நெசவை விற்கும் கடையில் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். நெய்தவர் யாரெனக் கேட்கலாம். உதிரி நூலை எரித்துக் காட்டச் சொல்லலாம். பட்டாயின் மயிர் கருகும் நாற்றம் எழும். இந்திய அரசு 2006இல் அறிமுகப்படுத்திய கைத்தறி முத்திரை உள்ளதா என்றும் நோக்கலாம்.

வாங்குவோர் இன்றேல் தறி ஓயும். தறியை விட்டு வேறு வேலைக்குச் சென்றவர் மீண்டும் நெய்ய வருவது அரிது. அவருடைய பிள்ளைகளுக்கும் அக்கலை எட்டாது. எனவே, அன்றாட உடையை எங்கு வாங்கினாலும், திருநாள் உடையையேனும் உள்ளூர் நெசவாளரிடமிருந்து பெறுவதே நன்று.