கைத்தொலைபேசியில் வைத்த காசு பத்திரமா?



சம்பளம், வீடு, குடிதண்ணீர், குலைக் கணக்கு என்று எழுதி வரும் இந்தப் பகுதியில் இந்த வாரம் பிட்காயினைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. நாமாகத் தேடிப் போன விஷயம் அல்ல. கிளைக் கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும் நேரத்தில், அதுவரை வாயே திறக்காத ஒரு பெரியவரோ ஓர் அம்மாவோ நம்மை ஓரமாகக் கூப்பிடுகிறார்கள். ‘‘தம்பி, எம் மவன் என் இ.பி.எஃப். காச எடுத்து போன்ல ஏதோ காயின் வாங்கி வெச்சிருக்கான். பேங்கை விட இதுதான் பத்திரம்ங்கறான். நெசமா?’’ ஒரு தோட்டத்தில் மட்டுமல்ல, போகிற இடமெல்லாம் இதே கேள்வி. கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், ஏதோ தப்புச் செய்துவிட்டது போல!

தப்பு ஒன்றும் இல்லை. மகனைத் திட்டுவதற்காகவும் நாம் எழுதவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025-இல்தான் ஆயிற்று. அதை வைத்துக் குடும்பம் நடத்துகிற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, 2024 டிசம்பரில் ஒரு பிட்காயின் ஒரு லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டது என்று கேட்டால் ஆசை வராதா? அதே பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை ஏறி, ஒரே வருஷத்தில் 16,000 டாலர் அளவுக்குச் சரிந்த கதையையும் அவன் படித்திருக்க வேண்டும். அது போகட்டும். விலை ஏறுமா இறங்குமா என்பது இன்றைய பேச்சல்ல. வாங்கியது வாங்கியாகிவிட்டது. அதை வைத்திருக்கிற இடம் பத்திரமா என்பதே பேச்சு.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். காசு கைத்தொலைபேசிக்குள் இல்லை. பெரட்டுக் களத்தில் கிராணி கையில் செக்ரோல் இருக்கும். யாருக்கு எத்தனை நாள் வேலை என்பது அதில் ஏறும். பிட்காயினுக்கும் அப்படி ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. ஆனால் அது ஒரு கிராணி கையில் இல்லை. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்பட்டு வருகிறது. 2009-இலிருந்து அப்படித்தான் ஓடுகிறது. அந்தப் புத்தகத்தில் உங்கள் பேரில் இருப்பதை இன்னொருவர் பேருக்கு மாற்ற ஓர் இரகசியச் சாவி வேண்டும். கைத்தொலைபேசியில் இருப்பது அந்தச் சாவி மட்டுமே.

செக்ரோலில் ஒரு நாள் விட்டுப் போனால் நாம் என்ன செய்கிறோம்? ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறோம். கிராணி திருத்துவார். திருத்தாவிட்டால் துரையிடம் போகலாம், சங்கத்துக்கு வரலாம், தொழிலாளர் இலாகா வரை போகலாம். பிட்காயின் புத்தகத்தில் ஏறிய வரியை எந்தத் துரையாலும் திருத்த முடியாது. திருடன் உங்கள் சாவியை எடுத்துத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டால் அந்த வரியும் செல்லும். திருடன் யார், சொந்தக்காரன் யார் என்று புத்தகத்துக்குத் தெரியாது. சாவி எவன் கையிலோ அவனே முதலாளி.

இந்தச் சாவியை மனிதர்கள் எழுதி வைத்துக்கொள்ளும்படி 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளாகக் கொடுக்கிறார்கள். 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து அவை வருகின்றன. வரிசை மாறக்கூடாது. ‘எனக்கு இங்கிலீஷ் வராதே’ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: அந்தப் பட்டியலில் எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. பொருள் தெரிய வேண்டியதில்லை. எழுத்துகளைப் பார்த்துச் சரியாக எழுதத் தெரிந்தால் போதும். நாம் தோட்டப் பள்ளியில் படித்த ஆங்கிலம் அதற்குத் தாராளமாகப் போதும்!

இனிக் கவனியுங்கள். கைத்தொலைபேசி கான் தண்ணீரில் விழுந்து போனாலும், அந்த 12 வார்த்தை கையில் இருந்தால் புதுத் தொலைபேசி வாங்கி, வார்த்தைகளைத் தட்டினால் காசு அப்படியே இருக்கும். வார்த்தைகளை எழுதி வைக்காமல் தொலைபேசியை மட்டும் தொலைத்தால், அதோடு போயிற்று. மூன்றாவதாக ஒன்றுண்டு. வார்த்தைகளை எவனாவது பார்த்துவிட்டால், உங்கள் தொலைபேசியைத் தொடாமலேயே, எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவையும் துடைத்துவிடலாம். தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கி என்ன பயன்?

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் நியூபோர்ட் என்று ஓர் ஊர். அங்கே ஒருவருடைய பழைய கணினித் தட்டு 2013-இல் தவறிப்போய்க் குப்பையோடு சேர்ந்துவிட்டது. சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி அதில் இருந்தது. குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வருஷக் கணக்கில் அலைந்தார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளிவிட்டது. பிட்காயின் புத்தகத்தில் அவர் காசு இன்றும் அப்படியே இருக்கிறது; எடுக்கத்தான் சாவி இல்லை. கணினியை நன்கு அறிந்தவருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு?

நம் தோட்டத்தில் ஒரு கைத்தொலைபேசி எப்படி வாழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். காலையில் அப்பாவோடு காட்டுக்குப் போகிறது; மழையில் நனைகிறது. மாலையில் சின்னவன் கையில் கேம் விளையாடுகிறது. இராத்திரியில் அம்மா நாடகம் பார்க்கிறார். திறக்கும் எண் வீட்டில் நாலு பேருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரியும். கண்ணாடி உடைந்தால் பட்டணத்துக் கடையில் கொடுத்து, ‘‘நாளைக்கு வாங்க’’ என்றால் எண்ணையும் சொல்லிவிட்டு வருகிறோம். பல பேர் கையில் இருப்பது இரண்டாம் கைத் தொலைபேசி. அதற்குக் கம்பெனி பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருக்கும். பூட்டு துருப்பிடித்த வீடு அது. இதிலா நகையை வைப்பது? தாலிக் கொடியைக் கழற்றிப் பொதுக் குழாயடியில் வைத்துவிட்டு வருவோமா?

அதிலும் பெரிய தப்பு ஒன்று நடக்கிறது. அந்த 12 வார்த்தையை எழுதச் சோம்பல்பட்டு, நம் பிள்ளைகள் திரையைப் படம் பிடித்து வைத்துவிடுகிறார்கள். கேட்டால், ‘‘என் போன்லதானே இருக்கு, யார் பாக்கப் போறா?’’ என்கிறார்கள். யார் பார்ப்பார்கள் என்பதை 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. சில செயலிகளுக்குள் ‘ஸ்பார்க்கேட்’ என்ற திருட்டு நிரல் ஒளிந்திருந்தது. அது தொலைபேசியில் உள்ள படங்களைத் தானே புரட்டிப் பார்த்து, படத்தில் உள்ள எழுத்தைப் படித்து, இந்த மாதிரி வார்த்தைகள் இருந்தால் திருடனுக்கு அனுப்பிவிடும். தெருவோரத்தில் விற்ற செயலிகள் அல்ல அவை! கூகுள் கடையிலும் ஆப்பிள் கடையிலும் இருந்தவை. கூகுள் கடையில் மட்டும் 2,42,000 தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தன. ஆகவே படம் பிடித்து வைத்திருப்பவர்கள் அழித்தால் மட்டும் போதாது. அந்தச் சாவி வெளியே போயிருக்கலாம் என்றே எண்ணி, புதுச் சாவி உண்டாக்கி, காசை அதற்கு மாற்றிவிட வேண்டும். வாட்ஸாப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்திருப்பவர்களுக்கும் இதே வார்த்தைதான்.

மற்றத் திருட்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கலியாணப் பத்திரிகை, பார்சல் ரசீது என்று வாட்ஸாப்பில் ஒரு கோப்பு வரும். ‘ஏ.பி.கே.’ என்று முடியும். அது பத்திரிகை அல்ல, செயலி. அமுக்கினால் உள்ளே புகுந்து உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.களைப் படிக்கும். எஸ்.எம்.எஸ். வழியாக இரகசிய எண் அனுப்பும் முறையை விட்டு வெளியே வாருங்கள் என்று பேங்க் நெகாரா 2022-இல் பேங்குகளுக்குச் சொன்னதற்கு இது போன்ற திருட்டே காரணம். இன்னொரு வகை, காசு அனுப்ப வேண்டிய முகவரியை நீங்கள் நகலெடுத்து ஒட்டும்போது, நடுவில் திருடன் தன் முகவரியை மாற்றி வைப்பது. நீளமான எழுத்துக் கோவை; யார் முழுதாகப் பார்க்கிறார்கள்? 2019-இல் கூகுள் கடையிலேயே இப்படி ஒன்று அகப்பட்டது. அனுப்புமுன் முகவரியின் முன்னெழுத்தும் பின்னெழுத்தும் சரிபாருங்கள். முதலில் சிறு தொகை அனுப்பிப் பாருங்கள்.

‘‘அண்ணே, நான் சாவியே வெச்சுக்கல. எக்ஸ்சேஞ்சுலதான் இருக்கு’’ என்று சில இளைஞர்கள் சொல்வதுண்டு. அது வேறு வழி. அதற்கும் நல்லது கெட்டது உண்டு. நம் நாட்டில் இந்த நாணயச் சந்தைகளை 2019-இலிருந்து செக்யூரிட்டீஸ் கமிஷன் பதிவு செய்து வருகிறது. பதிவு பெற்ற இடத்தில் கணக்கு வைத்தால், தொலைபேசி தொலைந்தாலும் அடையாள அட்டையைக் காட்டிக் கணக்கை மீட்க வழியுண்டு. பதிவில் இருக்கிறதா என்பதைக் கமிஷனின் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். டெலிகிராமில் ‘குரு’ சொன்னார் என்பது பதிவாகாது. ஆனால் அங்கே சாவி அவர்கள் கையில். ஜப்பானின் மவுண்ட் காக்ஸ் 2014-இல் விழுந்தபோது சுமார் 8,50,000 பிட்காயின் காணாமல் போனதாகச் சொன்னார்கள். ஒரு பகுதிதான் பிறகு அகப்பட்டது. போட்டவர்களுக்கு நாணயமாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது 2024-இல், பத்து வருஷம் கழித்து! 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். விழுந்தது. பேங்கில் போட்ட காசுக்கு, பேங்கு மூழ்கினாலும் 2,50,000 வெள்ளி வரை பி.ஐ.டி.எம். காப்பு இருக்கிறது. பிட்காயினுக்கு அந்தக் காப்பு இல்லை. ‘பேங்கை விடப் பத்திரம்’ என்று சொன்ன மகனிடம் இந்த ஒன்றை மட்டுமாவது கேளுங்கள்.

ஆக, நாம் சொல்வது இது. கைத்தொலைபேசியில் வைப்பது சட்டைப் பையில் வைக்கிற காசாக இருக்கட்டும். பை அறுந்தால் அன்றைக்கு மனம் வலிக்கும்; குடும்பம் சாயாது. அதற்கு மேற்பட்ட தொகை என்றால், இணையத்தோடு ஒட்டாமல் சாவியை வைக்கும் தனிக் கருவிகள் விற்கின்றன. சில நூறு வெள்ளி ஆகும். அந்தக் கருவிக்குச் செலவழிக்க மனம் வராதவன், அப்பாவின் காசை வெறும் தொலைபேசியில் வைக்கத் துணிவது எந்த ஊர் நியாயம்? இ.பி.எஃப். காசோ, தோட்டம் மூடியபோது வந்த நஷ்ட ஈடோ இந்தப் பக்கமே வரக்கூடாது. 2024 மே மாதம் மூன்றாவது கணக்கு வந்ததிலிருந்து, அந்தக் கணக்கில் இருப்பதை நினைத்தபோது எடுக்க முடிகிறது. எடுப்பதும் தொலைபேசியில், வாங்குவதும் தொலைபேசியில், இழப்பதும் அதே தொலைபேசியில்! முப்பது வருஷம் வெட்டிய பால் மூன்று தட்டலில் போய்விடுகிறது.

வைத்தே தீருவேன் என்பவர்கள் வார்த்தைகளைக் காகிதத்தில், பேனாவால், வரிசை எண் போட்டு இரண்டு படி எழுதுங்கள். கையால் எழுதுங்கள், போட்டோஸ்டேட் கடைக்கும் லேமினேட் போடும் கடைக்கும் கொண்டு போகாதீர்கள். ஒன்று வீட்டில் கரையான் அரிக்காத இடத்தில், மற்றொன்று நம்பிக்கையான உறவினர் வீட்டில். சாமி படத்துக்குப் பின்னால் வேண்டாம். திருடனும் முதலில் அங்கேதான் கை வைப்பான். தொலைபேசிக்கு ஆறு இலக்கப் பூட்டு போடுங்கள். பிள்ளைக்குக் கேம் விளையாட வேறு தொலைபேசி கொடுங்கள்.

இன்னொன்று, வீட்டில் பேசக் கூசுகிற விஷயம். இ.பி.எஃப்.பில் வாரிசு பேர் எழுதிக் கொடுக்கிறோம். நாம் கண்ணை மூடினால் மனைவி மக்கள் பாரம் நிரப்பி வாங்கிக்கொள்கிறார்கள். பாரத்தில் தகராறு என்றால் சங்கமும் துணைக்குப் போகிறது. பிட்காயினில் வாரிசு பாரம் இல்லை. மோட்டார் சைக்கிளில் போன பிள்ளை திரும்பி வராவிட்டால், பூட்டிய தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் எந்தக் கவுன்டரில் போய் நிற்பாள்? வார்த்தை எழுதிய காகிதம் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கலியாணமானவனுக்கு அந்த ஒருவர் மனைவி.

பேங்க் நெகாராவும் செக்யூரிட்டீஸ் கமிஷனும் எச்சரிக்கைகளை மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டால் போதாது. எளிய தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கட்டும். தோட்டத்துக் கோயிலிலும் பாலர் பள்ளியிலும் ஒட்டுகிற வேலையை நாம் பார்த்துக்கொள்கிறோம்.

ஏமாந்துவிட்டால், பேங்கிலிருந்து காசு போயிருந்தால் அந்த நிமிஷமே பேங்குக்கும் 997-க்கும் அழையுங்கள். பிறகு போலீஸ் புகார். நாணயம் போயிருந்தாலும் புகார் கொடுங்கள், கிடைப்பது அரிது. அதன் பின் சில நாளில் ஒருவன் பேசுவான்: ‘‘உங்க காயினை மீட்டுத் தர்றோம், முன்பணம் ஐந்நூறு வெள்ளி, அந்தப் பன்னிரண்டு வார்த்தையைச் சொல்லுங்க.’’ இவன் இரண்டாவது திருடன். வக்கீல் என்பான், போலீஸ் என்பான். சங்கத்திலிருந்து பேசுகிறோம் என்று எங்கள் பேரையே சொன்னாலும் சொல்வான். நாங்கள் யாரும் அந்த வார்த்தைகளைக் கேட்க மாட்டோம். கேட்கிறவனின் எண்ணை எழுதிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கும் கிளைச் செயலாளருக்கும் அன்றைக்கே சொல்லுங்கள்.