காயத்துக்கு எத்தனை சதவீதம்?

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்த ஆண்டுகளில், குண்டடிபட்ட ஒரு அமெரிக்கச் சிப்பாய் சில நாட்களிலேயே சொந்த நாட்டு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிடுவான். போர்க்களத்திலிருந்து ஹெலிகாப்டர், அங்கிருந்து ஜெர்மனியில் உள்ள லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனை, பிறகு வாஷிங்டன். உயிரைக் காப்பாற்றுவதில் அவ்வளவு வேகம். முந்தைய போர்களில் பிழைத்திருக்கவே முடியாத பலர் இந்தப் போர்களில் பிழைத்தார்கள்.

ஆனால் உயிர் பிழைத்த பிறகு ஒரு கேள்வி வருகிறது. "இனி இவனால் ராணுவத்தில் வேலை செய்ய முடியுமா? முடியாது என்றால் இவனுக்கு என்ன கொடுத்து அனுப்புவது?" இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது. காயத்தைவிட அந்தக் காத்திருப்புதான் கொடுமை என்று சொன்ன வீரர்கள் உண்டு. கோடிக்கணக்கான டாலர் செலவில் போர் நடத்தத் தெரிந்த நாட்டுக்கு, காயம்பட்டவனின் காகிதத்தை நகர்த்தத் தெரியவில்லையா?

இந்தக் கேள்வி நாடு முழுவதும் வெடித்தது 2007 பிப்ரவரியில். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் டானா பிரீஸ்ட், ஆன் ஹல் என்ற இரு செய்தியாளர்கள் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையைப் பற்றித் தொடர் எழுதினார்கள். அங்கே 18-ஆம் எண் கட்டிடத்தில் வெளிநோயாளிகளாகத் தங்கியிருந்த வீரர்களின் அறைகளில் சுவரெல்லாம் பூஞ்சை, எலித் தொல்லை. எல்லோரும் பேசியது இந்தப் பூஞ்சையைத்தான். ஆனால் அந்தத் தொடரில் இன்னொரு தகவலும் இருந்தது. ஒரு சாதாரண வீரர் 22 படிவங்களை எட்டு வெவ்வேறு அலுவலகங்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. தலையில் அடிபட்டு, காலையில் சாப்பிட்டோமா என்பதே ஞாபகம் இல்லாதவரும் அதே 22 படிவங்களைத்தான் கொடுக்க வேண்டும்!

தொடர் வெளியான சில வாரங்களுக்குள் மருத்துவமனைத் தலைவர் நீக்கப்பட்டார். ராணுவத் துறைச் செயலர் பிரான்சிஸ் ஹார்வி பதவி விலகினார். சுவருக்குப் புது வண்ணம் அடிக்கப்பட்டது. ஆனால் அந்த 22 படிவங்களின் பின்னால் இருந்த முறை என்ன ஆனது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

முறை இதுதான். சிகிச்சை கொடுத்தும் ஒரு வீரரால் பழைய வேலைக்குத் திரும்ப முடியாது என்று மருத்துவர் கருதினால், அவரை மருத்துவ மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்புவார். ராணுவம் வைத்திருக்கும் உடல்நல அளவுகோலுக்கு இவர் பொருந்துகிறாரா என்று அந்தக் குழு பார்க்கும். பொருந்தவில்லை என்றால் அடுத்தது தகுதி மதிப்பீட்டுக் குழு. அவருடைய பதவிக்கும் வேலைக்கும் அவர் தகுதியானவரா இல்லையா என்று முடிவு செய்வது இந்தக் குழுதான். தகுதியில்லை என்றால் ஒரு சதவீதம் போடப்படும்.

2007-க்கு முன்பு ராணுவம் தனியாக ஒரு பரிசோதனை நடத்தி ஒரு சதவீதம் போடும். வெளியே வந்த பிறகு முன்னாள் படைவீரர் நலத்துறை மறுபடி முதலிலிருந்து பரிசோதித்து வேறொரு சதவீதம் போடும். ஒரே முழங்காலுக்கு இரண்டு அரசு அலுவலகங்களில் இரண்டு விலை. பல வேளைகளில் ராணுவம் போட்ட எண்தான் சிறியதாக இருந்தது.

அந்த 2007 நவம்பரிலேயே இரண்டையும் இணைக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. 2011 இறுதிக்குள் எல்லா முகாம்களுக்கும் அது பரவியது. பரிசோதனை ஒன்றுதான், காயத்துக்கான சதவீதத்தைப் போடுவது நலத்துறைதான், அதை ராணுவமும் ஏற்க வேண்டும். நல்ல சீர்திருத்தம்தான், மறுப்பதற்கில்லை. பணியில் இருக்கும் வீரருக்கு 295 நாட்களுக்குள் முடிப்பது என்று இலக்கு வைத்தார்கள். ஆனால் 2011 நிதியாண்டில் சராசரியாக ஆனது 394 நாட்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே சொன்னது. பிறகு இலக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 180 நாட்களுக்குக் கொண்டு வந்தார்கள்.

அரசாங்கத்தின் பெருமை எல்லாம் இந்த நாட்கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வீரரின் வாழ்க்கை நாட்கணக்கில் இல்லை. அது சதவீதக் கணக்கில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். எட்டு ஆண்டு பணி செய்த ஒரு காலாட்படை வீரர். வாகனம் கவிழ்ந்து முழங்கால் போய்விட்டது, முதுகிலும் வலி. முழங்காலுக்கு 20 சதவீதம், முதுகுக்கு 10 சதவீதம் என்று நலத்துறை போடுகிறது. இந்த இரண்டையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். 20 போனால் மீதி 80 சதவீதம் நல்ல உடம்பு, அந்த 80-ல் 10 சதவீதம் என்றால் 8. ஆக மொத்தம் 28. அதை அருகிலுள்ள பத்துக்கு உயர்த்தினால் 30.

இந்த 30 என்ற எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. 30 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் அவர் ஊனத்தால் ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க மாதாமாதம் பென்ஷன், மனைவி மக்களுக்கும் சேர்த்து ராணுவ மருத்துவக் காப்பீடு. 30-க்குக் கீழே, பணியும் 20 ஆண்டு ஆகவில்லை என்றால், பணி செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் என்று கணக்குப் போட்டு ஒரே தடவையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எட்டு ஆண்டுக்கு 16 மாதச் சம்பளம். ராணுவப் பென்ஷன் கிடையாது, குடும்பத்துக்கான நிரந்தரக் காப்பீடும் கிடையாது.

இந்த வீரருக்கு 30 வந்துவிட்டதே என்று நினைக்கலாம். இல்லை, அங்கேதான் சிக்கல். நலத்துறை பணியால் வந்த எல்லாக் காயங்களையும் கணக்கில் எடுக்கும். ராணுவமோ எந்தக் காயம் அவரை வேலைக்குத் தகுதியற்றவர் ஆக்கியதோ அதை மட்டும்தான் எடுக்கும். "முழங்காலால்தான் இவரால் ஓட முடியவில்லை, முதுகு வலி இருந்தாலும் வேலை பார்க்கலாம்" என்று தகுதிக் குழு எழுதிவிட்டால் முதுகின் 10 சதவீதம் கணக்கிலிருந்து போய்விடும். நலத்துறையில் அவருக்கு 30, ராணுவத்தில் 20. ஒரே ஆள், ஒரே உடம்பு, ஒரே பரிசோதனை. ஆனால் அரசின் ஒரு கை 30 என்கிறது, இன்னொரு கை 20 என்கிறது!

சரி, 16 மாதச் சம்பளமாவது முழுதாகக் கையில் நிற்குமா? காயம் போர்ப்பகுதியில் ஏற்படவில்லை, போர் தொடர்பானதும் இல்லை என்றால், நலத்துறை அதே காயத்துக்காகக் கொடுக்க வேண்டிய மாதத் தொகையை, அந்தப் பணம் ஈடாகும் வரை பிடித்து வைத்துக்கொள்ளும். போர்க்காயம் பட்டவர்களுக்கும் வேறு வகையில் இடி விழுந்தது. அவர்களுக்குக் கொடுத்த தொகைக்கு வருமான வரி கிடையாது என்று சட்டம் இருந்தும், 1991 முதல் பல ஆண்டுகள் தவறாக வரி பிடிக்கப்பட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க 2016-ல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்தது.

முதுகு வலி வேலையைக் கெடுத்தது என்று யார் நிரூபிக்க வேண்டும்? அந்த வீரர்தான். எத்தனை தடவை மருத்துவரிடம் போனார், எந்தப் பயிற்சியில் கலந்துகொள்ள முடியவில்லை, மேலதிகாரி என்ன கடிதம் கொடுத்தார் என்று எல்லாமே காகிதத்தில் இருக்க வேண்டும். ஆனால் ராணுவம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள், சும்மா சும்மா டாக்டரிடம் போகாதே என்பதுதான். பொறுத்துக்கொண்டவரின் கோப்பு மெலிந்திருக்கும். பொறுத்ததற்குத் தண்டனை பென்ஷன் இழப்பு. இது நியாயமா?

அதற்கும் நேரம் கொடுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. தகுதிக் குழுவின் முதல் முடிவு வந்தால் ஏற்கிறீர்களா, நேரில் விசாரணை வேண்டுமா என்று பத்து நாள் அளவில் பதில் சொல்லியாக வேண்டும். முறைக்கு மாதக்கணக்கில் அவகாசம், மனிதனுக்குச் சில நாட்கள்! வழிகாட்ட ஒரு தொடர்பு அலுவலர் இருக்கிறார். ஆனால் அவர் வேலை முறையை விளக்குவது, வீரருக்காக வாதாடுவது அல்ல. வாதாட ராணுவமே இலவசமாக வழக்கறிஞர் கொடுக்கிறது. முறையான விசாரணை வரை போனால் வழக்கறிஞர் நிச்சயம் வருவார். ஆனால் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அதற்கு முன்பே, மருத்துவ அறிக்கை எழுதப்படும் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் வழக்கறிஞரைத் தேடிப் போக வேண்டும் என்று தெரிந்தவர் போகிறார், தெரியாதவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

உடல் காயத்துக்கே இந்தக் கதி என்றால் மனக் காயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போர் அதிர்ச்சியால் மனநோய் வந்து பணியிலிருந்து விடுவிக்கப்படுபவருக்கு முதலில் குறைந்தது 50 சதவீதம் போட வேண்டும், ஆறு மாதத்துக்குள் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியை மதிக்காமல் குறைவாகப் போட்டு அனுப்பியதாக 2008-ல் வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011-ல் சமரசம் ஏற்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஓய்வுப் பலன்கள் கிடைத்தன. 2012-ல் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மாடிகன் ராணுவ மருத்துவ மையத்தில் இன்னொரு சர்ச்சை. போர் அதிர்ச்சி நோய் என்று ஏற்கெனவே கணிக்கப்பட்ட பலரின் கணிப்பை அங்கிருந்த தடயவியல் மனநலக் குழு மாற்றியிருந்தது. ராணுவம் மறு ஆய்வு செய்தபோது பலருக்குப் பழைய கணிப்பே திரும்பி வந்தது.

இந்த இரண்டு சம்பவங்களும் சொல்வது ஒன்றுதான். தவறுகள் நடந்தன, திருத்தவும் பட்டன. ஆனால் யாராவது கூச்சல் போட்ட பிறகுதான் திருத்தப்பட்டன. கூச்சல் போடத் தெம்பில்லாதவர்கள் எத்தனை பேர்?

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். ராணுவம் என்பது தொண்டு நிறுவனம் அல்ல, போருக்குப் போக முடியாதவர்களின் இடத்தைச் சீக்கிரம் நிரப்பியாக வேண்டும். பணம் மக்களின் வரிப்பணம், கேட்பவர்களுக்கெல்லாம் 30 போட முடியாது. எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும், 30-ல் போட்டால் என்ன, 40-ல் போட்டால் என்ன? இதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். பொய் சொல்பவர்களும் இருக்கலாம். ஆனால் கோடு போடுவது வேறு, மலை உச்சியில் கோடு போடுவது வேறு. 30-ல் இருந்து 20-க்கு இறங்கும்போது பலனும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அது கோடு. ஆயுள் பென்ஷனும் குடும்பத்தின் காப்பீடும் மொத்தமாகப் போனால் அது பள்ளம்.

30-ஐத் தாண்டியவர்களுக்கும் கதை முடிவதில்லை. 20 ஆண்டு பணி முடிப்பதற்குள் காயத்தால் ஓய்வு பெற்றவருக்கு நலத்துறை எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவு ராணுவப் பென்ஷனில் கழிக்கப்படும். போர்க்காயத்துக்கென்று தனி ஈட்டுத்தொகை இருந்தாலும் அது பலருக்கு முழுதாக ஈடுகட்டுவதில்லை. 20 ஆண்டு முடித்து, 50 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர் இரண்டையும் முழுதாக வாங்கலாம். குண்டு வெடித்ததால்தானே அவரால் 20 ஆண்டு முடிக்க முடியவில்லை? போர்க்களங்களில் வெடிகுண்டு அகற்றும் பணியில் இருந்து, புற்றுநோயால் 2021-ல் இறந்த மேஜர் ரிச்சர்ட் ஸ்டார் என்பவரின் பெயரில் இதை மாற்ற ஒரு மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. இரு கட்சிகளிலும் ஆதரவு உண்டு. செலவு அதிகம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லித்தான் தள்ளிக்கொண்டே போகிறார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மருத்துவக் குழுவுக்கு அனுப்பப்படும் முதல் நாளிலேயே, கேட்காமலேயே, ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டும். ஒரு காயம் வேலையைக் கெடுக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் அதை நிரூபிக்கும் சுமை ராணுவத்தின் தலையில் இருக்க வேண்டும், காயம்பட்டவர் தலையில் அல்ல. 20-க்கும் 30-க்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் ஒரு படியாவது கட்ட வேண்டும், குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டையாவது சில ஆண்டுகள் நீட்டிக்க வேண்டும். பென்ஷனில் கழிக்கும் முறை போக வேண்டும்.

நாட்கணக்கைக் குறைத்தது நல்லதுதான். ஆனால் தவறான முடிவை 180 நாளில் கொடுப்பதைவிடச் சரியான முடிவை 200 நாளில் கொடுப்பது மேல். ராணுவத்தில் சேரும்போது யாரும் தன் முழங்காலுக்கு இத்தனை சதவீதம், முதுகுக்கு இத்தனை சதவீதம் என்று பேரம் பேசிச் சேர்வதில்லை. முழு உடம்பையும் கொடுத்துத்தான் சேர்கிறார்கள். திரும்பி வரும்போது மட்டும் அந்த உடம்பைத் துண்டு துண்டாக எடைபோட்டு, எந்தத் துண்டு கணக்கில் வராது என்று தேடுவது ஒரு அரசுக்கு அழகல்ல.