தாகம் எடுக்காத மலை

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், பாட்டுக் கேட்டு எனக்கு வரும் குறுஞ்செய்திகளில் பாதி கேமரன் மலையிலிருந்துதான். “இங்கே ஒரே குளிர், சூடாக ஒரு பாட்டுப் போடுங்கள்!”

தாப்பாவில் 32 டிகிரி வெயில். இரண்டு மணி நேரத்துக்குள் தானா ராத்தா போனால் ஏறத்தாழ 22. ஆனால், நம் உடம்புக்குள் கீழேயும் 37, மேலேயும் 37தான்!

இதைக் கவனிப்பது மூளையின் அடியில் பாதாம் பருப்பு அளவே உள்ள ஹைப்போதலாமஸ். குளிர் பட்டதும் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை உள்ளுறுப்புகளுக்கு அனுப்புகிறது. விரல்கள் சில்லிடுவது அதனால்தான். அதுவும் போதாவிட்டால் தசைகளை நடுங்கவைத்துச் சூடு உண்டாக்குகிறது. உள்ளே எல்லாம் சீராக இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு, அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1926-இல் ‘ஹோமியோஸ்டேசிஸ்’ என்று பெயர் வைத்தார்.

தேயிலைச் சரிவில் கொழுந்து பறிப்பவரைப் பாருங்கள். மேட்டில் ஏறும்போது உடம்பு வியர்த்துச் சூட்டைத் தணிக்கிறது. சற்று நின்றதும் ஈரச் சட்டையில் பனிக்காற்று படுகிறது. உடனே அதே உடம்பு சூட்டைக் காக்கப் பாடுபட வேண்டும். ஒரே நாளில் எத்தனை முறை!

இந்தச் சமநிலை சும்மா வருவதில்லை. ரத்தம் உள்ளே குவிந்ததும், உடம்பில் நீர் கூடிவிட்டதுபோல் சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. குளிரில் அடிக்கடி கழிப்பறை தேடுவது இதனால்தான். தாகமோ மங்கிவிடுகிறது. வயது ஏறினால் இன்னும் மங்கும்.

என் அம்மாவுக்கு இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் உண்டு. மலைப்பாதையில் தண்ணீர் நீட்டினால், “வேணாம்பா, அப்புறம் எங்கே இறங்குறது?” என்பார். பல வீட்டு அம்மாக்களின் கவலை இது. ஆகவே, வழியில் நிறுத்தும் இடங்களை முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

குளிரில் ரத்த அழுத்தம் உயரலாம். மாத்திரையைத் தவறவிட வேண்டாம். இனிப்பு நீர் மருந்து எடுப்பவருக்குக் கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை வந்தால், குளிர்தான் காரணம் என்று போர்வை போர்த்திவிட்டுப் போகாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். விழிப்போடு இருந்தால் உடனே இனிப்புப் பானம் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

தேநீர் குடிக்கத்தானே மலையேறுகிறோம்? தாராளமாகக் குடிக்கலாம், அதுவும் நீர்தான். கெட்டிப்பாலை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.